காய்ச்சலும் பாய்ச்சலும்

தமிழ்த் திரையிசைக்கு எங்கள் தஞ்சைப் பாபநாசம் ஒரு பெயரைக் கொடுத்தது. 1890இல் போலகத்தில் பிறந்த ராமய்யா, இங்கே வந்து தங்கி, திருநீறும் பாட்டுமாக வாழ்ந்ததில் பாபநாசம் சிவன் ஆனார். (கமல் நடித்த ‘பாபநாசம்’ நெல்லைச் சீமைப் பாபநாசம். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.) 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’ படத்துக்குப் பாட்டும் மெட்டும் சிவன் தந்தார்; வாத்திய அமைப்பை ஜி. ராமநாதன் பார்த்துக்கொண்டார். மெட்டைப் பற்றிப் பேச இன்றும் இங்கே ஆளுண்டு. வாத்திய அமைப்பைப் பற்றிக் கேட்டால் திண்ணை காலியாகிவிடும். ராகம் பிடிபட்டதும் காதுக்கு வேலை முடிந்தது என்று எழுந்துபோகிறவர்கள் நாங்கள். பின்னணி இசையை, அதிலும் டிரம்பெட், டிராம்போன், ஹார்ன் என்று பித்தளை முழங்கும் இடங்களைத் தனியாகக் கேட்டு ரசிக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

இத்தனைக்கும் பித்தளை ஊதல் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கொம்பும் எக்காளமும் திருச்சின்னமும் கோயிலில் உண்டு. இரண்டாம் சரபோஜி (1798–1832) தஞ்சை அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். மேல்நாட்டு இசைச் சுவடிகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. அரண்மனைக்குள் இருந்த ஓசை பிறகு தெருவுக்கு வந்தது. கல்யாண ஊர்வலமானாலும் சாவு ஊர்வலமானாலும் முன்னால் பேண்டு செட் போகும். வாசிப்பது சினிமாப் பாட்டாகத்தான் இருக்கும்.

நாகசுரத்துக்கு வாயில் வைத்து ஊதச் சீவாளி உண்டு, விரல் பொத்தத் துளைகள் உண்டு. திருவாவடுதுறைச் சீவாளி நல்லதாக அமைந்துவிட்டால் தோடி இரவு முழுக்க ஓடும். கொம்புக்கு இரண்டும் கிடையாது. ஊதுகிறவனின் உதடுதான் சீவாளி. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் கிடைக்கிற சில சுரங்கள்தான் அதற்கு வாய்த்தவை. ஐரோப்பிய டிரம்பெட்டும் ஹார்னும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்வு வரும்வரை இதே நிலையில்தான் இருந்தன. வால்வு வந்து சுரங்கள் கூடின. ஆனாலும் உதடு உதடுதான். அது களைத்துப்போகும். ஒரு வயலின்காரர் மணிக்கணக்காக வில் போடலாம். டிரம்பெட்காரர் உச்சஸ்தாயியில் அப்படி நின்றால் சற்று நேரத்தில் சுரம் உடையும்.

அதனால் பித்தளைக்கு எழுதியவர்கள் ஓய்வையும் சேர்த்தே எழுதினார்கள். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் (1808) டிராம்போன்காரர்கள் மூன்று பகுதிகள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நான்காவது தொடங்கும்போதுதான் வாயைத் திறக்கிறார்கள். அரங்கமே அகன்றதுபோல் இருக்கும். ஹார்னின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கிறது; ஓசை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் எங்கோ தொலைவிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் கேட்கிறது. பித்தளை என்றால் மிரட்டல்தான் என்று நினைப்பவர்கள் அந்த ஹார்னை ஒருமுறை மெல்லிய வாசிப்பில் கேட்க வேண்டும்.

இந்த ஓய்வு நம் படங்களிலும் உண்டு. ‘தளபதி’யில் (1991) ‘சுந்தரி கண்ணால் ஒரு சேதி’யை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டின் உயிர் பிரிவாற்றாமை. போர்க் காட்சியின் இடையிசையில் பித்தளை எழுகிறது. முடிந்ததும் ஜானகியின் குரலுக்கு இடம்விட்டு ஒதுங்குகிறது. அந்தக் குரல் அவ்வளவு தனியாகக் கேட்பதற்குப் பித்தளையின் விலகலும் ஒரு காரணம் என்பேன்.

ஊதுகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் தொடக்க முழக்கத்தில் டிரம்பெட் வாசித்த மாரிஸ் மர்பி, லண்டன் சிம்பொனி குழுவில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பு யார்க்‌ஷயரின் பிளாக் டைக் மில்ஸ் பேண்டில் கார்னெட் ஊதியவர் அவர். ஆலைத் தொழிலாளர் வளர்த்த பேண்டு அது. நம் பேண்டு செட்காரர்களை ஏளனமாகப் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்று நம் படங்களில் நாயகன் கதவைத் திறந்தாலும் பித்தளை, காரை விட்டு இறங்கினாலும் பித்தளை. பெரும்பாலும் அது முன்பே பதிந்துவைத்த ஓசை. கீபோர்டில் விரலை அழுத்தினால் வருகிறது, எத்தனை நிமிடம் வேண்டுமானாலும் நிற்கிறது. களைப்பில்லாத உதட்டுக்கு எழுதுகிறவருக்கு ஓய்வு எழுத வேண்டிய தேவை இல்லை. ஓய்வு போனதும் நுழைவும் போய்விட்டது. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்பது டெல்டா விவசாயியின் கணக்கு. எந்நேரமும் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுவிடாது. குறை என்று நாம் நினைத்த அந்தக் களைப்புதான் பித்தளைக்கு இத்தனை நாள் மரியாதை வாங்கித் தந்திருக்கிறது. மனித உடம்பின் எல்லையே அந்த இசைக்கு இலக்கணமாக இருந்தது.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனியை ராயல் பில்ஹார்மானிக் குழு வாசித்தது. அது மேடை, மூச்சு வாங்கும் மனிதர்கள் வாசித்தது. நம் படங்களுக்கும் அந்த மூச்சு வேண்டும். அடுத்த படத்தில் பித்தளை முழங்கும்போது, அதற்கு முன் எவ்வளவு நேரம் அது பேசாமல் இருந்தது என்று கவனியுங்கள். ஒரு கணமும் பேசாமல் இருந்ததில்லை என்றால், எழுதியவருக்கு அந்த வாத்தியம் தெரியாது.