பெரிய மனிதர் என்ன படித்தார்?



கல்லணை திறந்து குடமுருட்டியில் புதுத் தண்ணீர் வரும் நாட்களில் நம் வீடுகளில் இரண்டு கவலைகள் சேர்ந்தே பிறக்கின்றன. ஒன்று நாற்றங்கால்; மற்றொன்று பிள்ளைகளின் படிப்பு. இரண்டுக்கும் பணம் வேண்டும். இரண்டும் ஒரே மாதத்தில் கேட்கும்.

அப்படிப்பட்ட ஒரு நாளில் குடும்பத் தலைவர் ஒருவர் பங்கு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு செய்தித்தாள் துண்டு. பெரிய கம்பெனிகள், பாங்குகள், சட்ட நிறுவனங்கள், தர்ம ஸ்தாபனங்கள் ஆகியவற்றை நடத்தும் சிலருடைய படங்களும், இன்னார் இன்ன படிப்புப் படித்தவர், இன்ன உத்தியோகம் பார்த்தவர் என்ற விவரமும் அதில் இருந்தன.

"சாமி, இதிலே எந்தப் படிப்புப் படிச்சவங்க அதிகம்னு பார்த்துச் சொல்லுங்க. பெரியவனை அதிலேயே சேர்த்துடறேன். ஆறு மாவிலே மூணு மாவை அடமானம் வைக்கிறதாயிருக்கேன்" என்றார்.

"சின்னவன்?" என்று கேட்டேன்.

"அவனுக்குப் படிப்பு ஏறலை சாமி. வயலைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கான்."

அவர் கேட்ட கேள்வி அவருடையது மட்டுமன்று. நம்மில் பலருடைய நெஞ்சில் உள்ளதுதான். தலைவர்களைத் தலைவர்களாக்கியது அவர்கள் படித்த படிப்பா, பார்த்த தொழிலா? அல்லது வேறொன்றா? சற்றுப் பொறுமையாக ஆராய்வோம்.

துண்டுத்தாளில் இருந்தவர்களை நாம் அறியோம். நம்முடைய பக்கத்து மனிதர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் சர் சிவசாமி அய்யர் மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. உங்களில் எத்தனையோ பேர் அங்கே படித்தவர்கள். அப்பெயருக்குரியவர் 1864ஆம் ஆண்டு, நமக்கு அடுத்துள்ள பழமானேரியில் பிறந்தவர். தஞ்சையிலும் கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்வி கற்று, 1885 முதல் வக்கீல் தொழில் செய்தார். சட்டக் கல்லூரியில் கற்பித்தார். 1907இல் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலானார். பின்பு கவர்னரின் நிர்வாக சபை அங்கத்தினர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், 1922இல் சர்வதேச சங்கத்தில் இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவர். இத்தனைக்கும் பிறகு, தாம் தேடியதில் ஒரு பங்கைத் தம் பிறந்த மண்ணின் பிள்ளைகளுக்குக் கல்வியாகத் திருப்பிக் கொடுத்தார். மயிலாப்பூரில் பெண்களுக்கான பள்ளிக்கும் உதவினார். அது அவர் மனைவியாரின் பெயரால் லேடி சிவசாமி அய்யர் பள்ளி என்று வழங்குகிறது. 1946இல் அவர் காலமானார்.

"அப்படியானால் சட்டப் படிப்பே உயர்ந்தது!" என்று நண்பர் சொல்லக்கூடும். அவசரப்பட வேண்டாம். அதே சட்டத்தைப் படித்து, அதே ஹைக்கோர்ட்டில் வாதாடி, அதே அளவு பொருள் சேர்த்தவர்கள் அந்நாளில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்கள் பெயரில் திருக்காட்டுப்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடம் இல்லை. படிப்பு ஒன்றாயிருந்தும் பலன் வேறாயிற்று. ஆகவே, பலனுக்குக் காரணம் படிப்பு மட்டுமாயிருக்க முடியாது.

தொழில் ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு தொழிலும் மனிதனுக்கு ஒரு பழக்கத்தைத் தருகிறது. வக்கீல் இரு தரப்பையும் கேட்கப் பழகுகிறார். கணக்கர் எழுதாத வார்த்தையை நம்பாதிருக்கப் பழகுகிறார். வியாபாரி நஷ்டத்தைத் தாங்கப் பழகுகிறார். இஞ்சினீயர் பாரத்தைத் தாங்குமா என்று முன்கூட்டியே பார்க்கிறார். இவையெல்லாம் தலைமைக்கு வேண்டிய நற்பழக்கங்களே. ஆனால் ஒவ்வொரு தொழிலுக்கும் தன் சோதனையும் உண்டு. கூலி வாங்கிய பக்கத்தையே நியாயம் என்று நம்பிவிடும் சோதனை வக்கீலுக்கு. தாளில் வராத கண்ணீரைக் காணாதிருக்கும் சோதனை கணக்கருக்கு. எல்லாவற்றுக்கும் விலை உண்டு என்று எண்ணும் சோதனை வியாபாரிக்கு. மனிதரையும் இயந்திரத்தின் உறுப்பாக நினைக்கும் சோதனை இஞ்சினீயருக்கு.

இதற்கு நம் நாட்டுச் சரித்திரமே சான்று. 1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். அந்த மாதத்தில்தான் தூத்துக்குடி வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். அதே மாதம் 22ஆம் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. அது நெடுநாள் பெயர் பெற்ற வெள்ளையர் பாங்கு. பென்ஷன்காரர்களும், விதவைகளும், சிறு உத்தியோகஸ்தர்களும் அங்கே பணம் போட்டு வைத்திருந்தார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் நிதித் தொழிலிலேயே ஊறியவர். நகரத்தின் முதல் வரிசை மனிதர். விசாரணையில் மோசடிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு, 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார்.

சிதம்பரம் பிள்ளையோ கப்பல் தொழிலில் பிறந்தவரல்லர். அவர் வக்கீல், அவர் தந்தையாரும் வக்கீல். பங்குகள் சேர்த்து, இரண்டு கப்பல்கள் வாங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது. 1908இல் அரசாங்கம் அவரைச் சிறையிலடைத்தது. கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். கம்பெனி 1911இல் மூடப்பட்டது. வக்கீல் சன்னதும் போயிற்று.

இரண்டு கம்பெனிகளும் அழிந்தன. இரண்டிலும் பணம் போட்டவர்கள் இழந்தார்கள். வரவு செலவு மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் நஷ்டமே. ஆனால் ஒருவர் தம்மை நம்பியவர்களை இருட்டில் வைத்தார். மற்றவர் தம்மை நம்பியவர்களுக்காகத் தாமே செக்கில் பூட்டப்பட்டார். மனிதனை அளக்கும் படி வேறு என்பது இங்கே விளங்குகிறதல்லவா?

இக்கதைக்கு மூன்றாம் பாகமும் உண்டு. திருவிடைமருதூரில் 1863இல் பிறந்த வி. கிருஷ்ணசாமி அய்யர் என்னும் வக்கீல், அர்பத்நாட் முறிவில் பணம் இழந்தவர்களுக்காக வாதாடினார். வாதாடியதோடு நின்றிருந்தாலும் அவர் தொழில் முடிந்திருக்கும். ஆனால் "நம்மவர் பணத்துக்கு நம்பத்தக்க இடம் எது?" என்ற கேள்வி எஞ்சி நின்றது. அவரும் மற்ற வக்கீல்களும், நாட்டுக்கோட்டை நகரத்தாரும் கூடி முயன்றதில் 1907இல் இந்தியன் பாங்க் உண்டாயிற்று. அது இன்றும் நடக்கிறது. 1969இல் அரசுடைமையாகி, 2020இல் அலகாபாத் பாங்கையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. ஆக, நிதியிலே ஊறியவர் பாங்கை முறித்தார். சட்டம் படித்தவர் பாங்கை எழுப்பினார்!

இது தற்செயலா? இல்லை. அரிஸ்டாட்டில் என்னும் கிரேக்க ஞானி வெகு காலத்துக்கு முன்பே இதை விளக்கினார், அர்ச். தோமாஸ் அக்குவினாஸும் அதைப் பின்பற்றினார். கைத்திறமை வேறு, விவேகம் வேறு என்பது அவர்கள் போதனை. தெரிந்தே கோணலாக வெட்டும் தையற்காரர், தெரியாமல் கோணலாக வெட்டுபவரைவிடத் திறமையில் குறைந்தவரல்லர். நேராக வெட்ட அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்தே பொய்க் கணக்கு எழுதுபவர், தெரியாமல் தவறியவரைவிடக் கெட்டவர். திறமைக்கு அறியாமை குற்றம். ஒழுக்கத்துக்கு அறிந்து செய்வதே பெருங்குற்றம். கல்லூரிகள் முதலாவதைச் சோதித்துப் பட்டம் கொடுக்கின்றன. இரண்டாவதற்குப் பரீட்சை வாழ்நாள் முழுவதும் நடக்கிறது.

இங்கே ஒரு தடை எழும். "சாமி, நீங்கள் சொன்ன பெரியவர்களெல்லாம் வசதியும் குலமதிப்பும் உள்ள வீட்டில் பிறந்தவர்கள்தாமே? எங்கள் பாட்டன் காலத்தில் பண்ணையாள் பிள்ளைக்குச் சட்டக் கல்லூரி வாசல் எங்கே தெரிந்தது?" உண்மையே. மறைப்பதற்கில்லை. நம் தஞ்சைச் சீமையில் பண்ணையாட்களுக்கும் சாகுபடிதாரர்களுக்கும் ஒரு பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. எத்தனையோ கூர்மையான புத்திகள் நாற்றுமுடி சுமந்தே முடிந்துபோயின. ஆகையால் தலைவர்களின் படிப்பைப் பட்டியலிடும்போது, அப்படிப்பு யார் யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் நினைக்க வேண்டும். உயர்ந்தவன் தன் திறமையால் மட்டுமே உயர்ந்தேன் என்று சொன்னால், அது பாதிக் கணக்கு.

மீதிப் பாதியை அறிந்தவர்களே கொடையிற் சிறந்தார்கள். கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார் இலண்டனில் பாரிஸ்டரானவர்; அங்கேயே பாங்குத் தொழிலும் பயின்றவர்; ஆலை முதலாளியானவர். 1947 முதல் காரைக்குடியில் கல்லூரிகளை எழுப்பினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். தமக்குத் திறந்த கதவு பிறருக்கும் திறக்க வேண்டும் என்பதே அக்கொடையின் பொருள். நம் காலத்தில், திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இஞ்சினீயராகி, 1976இல் எச்.சி.எல். கம்பெனியைத் தொடங்கிய சிவ நாடாரும் கல்விக்கே பெருமளவு கொடுத்து வருகிறார்.

ஆயினும் கொடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நல்ல சட்டமே. ஆனால் இலாபத்தில் நூற்றுக்கு 2 எங்கே போயிற்று என்று பார்க்கும் நாம், மீதி 98 எப்படி வந்தது என்றும் கேட்க வேண்டாமா? தர்மத்துக்கு முந்தியது நீதி. கூலியைக் குறைத்துக் கொடுத்தவன் திருவிழாவுக்குத் தேர் செய்து கொடுத்தால், அது கொடையாகாது. கடனாளி தன் கடனை வேறு வாசலில் கொண்டுபோய்க் கட்டியது போலாகும்.

தலைமை என்பது மாடிக் கட்டடங்களில் மட்டும் இருப்பதன்று. மகளிர் குழுவின் பணப்பெட்டியை வைத்திருக்கும் சகோதரி ஒரு நிதித் தலைவர். கூட்டுறவுச் சங்கத்தில் கையெழுத்திடுபவர் ஒரு நிர்வாகி. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசுபவர் ஒரு நியாயவாதி. கோவில் கணக்கு வைத்திருக்கும் நானும் என் சபையும் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்களே. ஆற்றுத் தலைப்பில் மடையைத் திறப்பவனுடைய நேர்மை கடைமடை வயலில்தான் தெரியும். அதுபோல, தலைவன் படித்த படிப்பின் தரம், அவனுக்குக் கீழே கடைசியில் நிற்பவனிடம் தெரியும்.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். எந்தப் படிப்பு என்று நான் சொல்லவில்லை. "பையனுக்கு எதிலே நாட்டம், எதிலே புத்தி ஓடுகிறது என்று அவன் வாத்தியாரைக் கேளுங்கள். ஆனால் மூன்று மாவை அடமானம் வைப்பதற்கு முன் சின்னவனையும் இங்கே அழைத்து வாருங்கள். அந்த நிலத்தில் அவனுக்கும் பாத்தியம் உண்டு, அதை உழுபவனும் அவன்தான்" என்றேன். அவர் சற்றுத் திகைத்தார். இளையவனைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதேயில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். இளையவன் வாசற்படியிலேயே நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வெகு நேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டான். "அண்ணன் படிக்கட்டும் சாமி. நான் மாட்டேங்கலை. படிச்சு மேலே வந்தப்புறம் இந்த மூணு மாவை நினைப்பானா?"

தகப்பனார் தலை குனிந்தார். மூத்தவன்தான் பதில் சொன்னான். "ஒரு நோட்டிலே எழுதுவோம்டா. வாங்கறது, செலவழிக்கிறது, எல்லாம். நோட்டு உன்கிட்டயே இருக்கட்டும்."

அவன் எந்தக் கல்லூரியில் சேர்ந்தான் என்பது இங்கே முக்கியமன்று. தம்பிக்குக் கணக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட அன்றே அவன் தலைமைக்கு முதல் பாடம் படித்துவிட்டான்.

பெற்றோர்களே! பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். ஆண் பிள்ளையைப் போலவே பெண் பிள்ளையையும் படிக்க வையுங்கள். வக்கீலாகட்டும், கணக்கராகட்டும், பாங்கு அதிகாரியாகட்டும், எல்லாம் நல்லதே. ஆனால் அவர்கள் யாருடைய வியர்வையில் படித்தார்கள் என்பதை வீட்டிலேயே சொல்லி வளருங்கள். வயலில் நிற்கும் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது, "கிடக்கிறான்" என்ற சொல் இனி நம் வாயில் வர வேண்டாம்.

உங்கள் பங்குச் சுவாமி