நட்சத்திரமும் அசைகிறது

மகா சிவராத்திரி நள்ளிரவில் நிலா இருக்காது. பாறசாலைப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களைத் தாண்டி ஒரு வெட்டவெளியில் நின்று அண்ணாந்தால், மகம் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அதற்குச் சற்றுத் தெற்கே கண்ணுக்கு எதுவும் அகப்படாத ஓர் இருண்ட திட்டு. பிபா என்னும் விண்மீன் அங்கே இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு எட்டாது; சிறியதொரு தொலைநோக்கியாவது வேண்டும். அட்டவணையில் எச்.டி. 86081 என்று வெறும் எண்ணாகக் கிடந்த அதற்கும், அதைச் சுற்றும் கோளுக்கும் பெயர் வைக்கும் வாய்ப்பைச் சர்வதேச வானியல் ஒன்றியம் 2019-இல் இந்தியாவுக்குக் கொடுத்தது. விண்மீன் பிபா ஆயிற்று. கோள் சந்தமசா ஆயிற்று.

சந்தமசா வாயுவால் ஆன பெருங்கோள். வியாழனைப்போல் ஒன்றரை மடங்கு எடை. ஆனால் அது இருக்கிற இடம்தான் விபரீதம். நம் சூரியனுக்கு மிக அருகிலுள்ள புதன்கூட ஐந்தே முக்கால் கோடி கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. சந்தமசாவோ பிபாவிலிருந்து சுமார் 52 லட்சம் கிலோமீட்டரில் சுற்றுகிறது. இரண்டு நாளும் மூன்று மணி நேரச் சொச்சமும் ஆனால் ஒரு சுற்று முடிந்துவிடும். அங்கே ஓர் ஆண்டு என்பது அவ்வளவுதான். வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கும் மேல். இவ்வளவு நெருங்கிச் சுற்றும் கோள் தன் விண்மீனுக்கு முதுகு காட்டாது, எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும் என்பது வானியலாளர் கணிப்பு. இப்படிப்பட்ட கோள்கள் அந்தச் சூட்டில் பிறந்தவையல்ல என்றே பலரும் கருதுகிறார்கள். எங்கோ குளிர்ந்த தொலைவில் திரண்டு, பிறகு மெல்ல உள்ளே இழுபட்டு வந்தவை.

அதே சிவராத்திரியை ஒட்டி இங்கேயும் ஒரு சுற்று நடக்கிறது. பாறசாலைக்காரர்களுக்கு முஞ்சிறை அடுத்த ஊர். நடுவே 1956-இல் போட்ட மாநில எல்லை இருக்கிறது, அவ்வளவுதான். முஞ்சிறை திருமலை மகாதேவர் கோயிலில் சிவாலய ஓட்டம் தொடங்கும். பன்னிரண்டு சிவாலயங்கள், நூறு கிலோமீட்டருக்கும் மேல், இரவும் பகலுமாக ஓட்டமும் நடையும். ஓடுகிறவர்களைக் கோவிந்தன்மார் என்பார்கள். காவி வேட்டி, இடுப்பில் திருநீற்றுப் பை, கையில் ஓலை விசிறி, வாயில் ‘கோவிந்தா, கோபாலா.’ சிவனைத் தேடி ஓடுகிறவன் விஷ்ணுவின் பெயரைக் கூவுவதற்கு ஒரு கதை உண்டு. புருஷாமிருகம் என்னும் பாதி மனித, பாதி மிருகப் பிறவி தீவிர சிவபக்தி கொண்டது. விஷ்ணு நாமம் கேட்டால் பொறுக்காது. பீமன் அந்த நாமத்தைச் சொல்லிச் சீண்டினான். துரத்தி வரும்போது ஓர் உருத்திராட்சத்தைக் கீழே போடுவான். அது லிங்கமாகும், மிருகம் நின்று பூசை செய்யும், பீமன் ஓடுவான். கடைசியில் ஒரு கால் மிருகத்தின் எல்லைக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக அகப்பட்டுக்கொண்டான். எல்லையோர ஊர்க்காரர்கள் அந்த இடத்தில் சிரித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

எனக்கு அந்த விசிறிமேல் ஒரு கண். ஒவ்வொரு கோயிலிலும் குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு உள்ளே போய், கோவிந்தன்மார் அந்த ஓலை விசிறியால் சாமிக்கு வீசுகிறார்கள். மூச்சிரைக்கிறவன் அவன், வேர்த்து விறுவிறுத்து நிற்கிறவன் அவன். வீசுவதோ எதிரே இருக்கும் கல்லுக்கு. அறிவுக்கு இது ஒத்துவராது. ஆண்டவனுக்கு வெக்கை என்ன, குளிர் என்ன? ஆனாலும் அந்தக் கை ஓய்வதில்லை. தன்னால் அங்கே ஏதோ ஆகிறது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது.

சந்தமசாவை 2006-இல் கண்டறிந்தது எப்படி என்று படித்தபோது அந்தக் கைதான் நினைவில் நின்றது. கோளை யாரும் நேரில் பார்க்கவில்லை. விண்மீனின் பேரொளிக்குப் பக்கத்தில் அது கண்ணில் படாது. பார்த்ததெல்லாம் பிபாவை. அதன் ஒளி சீராக ஒருமுறை நீலப் பக்கம் நகர்ந்தது, ஒருமுறை சிவப்புப் பக்கம் நகர்ந்தது. அதாவது அந்த விண்மீன் நொடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கியும் விலகியும் அசைந்துகொண்டிருந்தது. கோளை விண்மீன் இழுப்பதைப் போலவே, கோளும் விண்மீனை இழுக்கிறது. சுற்றுகிறவன் மட்டும் சுற்றவில்லை. சுற்றப்படுகிறதும் தன் பங்குக்கு ஒரு சிறு வட்டம் போடுகிறது. இருவருக்கும் பொதுவான ஒரு புள்ளி நடுவே இருக்கிறது.

விண்மீனின் பெயருக்கு உரியவரும் கண்ணில் படாமல் இருந்தவர்தான். 1913-இல் பிறந்த பிபா சௌதுரி, டார்ஜிலிங் மலைப்பகுதியில் புகைப்படத் தகடுகளை வைத்து விண்கதிர்த் துகள்களின் தடங்களைத் தேடியவர். கோலார் தங்கச் சுரங்க ஆய்வோடும் தொடர்புடையவர். வாழ்ந்த காலத்தில் பெரிய விருது எதுவும் வந்து சேரவில்லை.

சிவாலய ஓட்டம் நடக்கும் இந்த ஊர்கள் இருந்த பழைய திருவிதாங்கூரில் தூரம் என்பது விதியாகவே இருந்தது. இன்னார் கோயிலிலிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று பிறப்பைப் பார்த்து அளந்து வைத்திருந்தார்கள். நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில் 1888 சிவராத்திரியன்று நாராயண குரு நெய்யாற்றின் ‘சங்கரன் குழி’யில் மூழ்கி ஒரு கல்லோடு எழுந்தார். அதையே சிவனாகப் பிரதிட்டை செய்தார். அந்த நள்ளிரவிலும் பிபா ஆற்றுக்கு மேலே உச்சியருகே நின்றிருக்கும். 340 ஒளியாண்டுத் தூரம் என்பதால், அன்று விழுந்த ஒளி பதினாறாம் நூற்றாண்டில் புறப்பட்டது. குருவின் செயலைச் சீர்திருத்தம் என்று வரலாற்றில் எழுதுகிறார்கள். சரிதான். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. அருகே போக விடப்படாதவர்கள் அத்தனை தலைமுறையாக இழுத்த இழுப்பில், ஆண்டவன் ஓர் அடி இந்தப் பக்கம் வந்தான். அரசு அறிவிப்பாகக் கோயில் கதவு எல்லோருக்கும் திறக்க 1936 நவம்பர் 12 வரை ஆயிற்று.

நெருங்கிக்கொண்டே போனால் முடிவில் என்ன ஆகும் என்று கேட்கலாம். வாஸ்ப்-12பி என்று இன்னொரு வெப்பக் கோள் இருக்கிறது. அதன் வட்டம் ஆண்டுக்காண்டு சுருங்குவதை அளந்திருக்கிறார்கள். சில பத்து லட்சம் ஆண்டுகளில் அது தன் விண்மீனுக்குள் விழுந்து கரைந்துவிடும். கலந்துவிடுவதே முடிந்த முடிவு என்று சொல்லும் பெரியவர்களோடு எனக்கு வழக்கில்லை. என் மனம் என்னவோ விசிறி பிடித்து ஓடுகிறவர்கள் பக்கமே சாய்கிறது. பன்னிரண்டாவதான திருநட்டாலத்தில் சங்கரநாராயணரைக் கும்பிட்டு முடித்ததும் கோவிந்தன்மார் கால் வலியோடு களியக்காவிளை பஸ்ஸுக்கு நிற்பார்கள். அடுத்த மாசிக்கும் போவதாகத்தான் அங்கே பேச்சு இருக்கும்.