எண்ணம் இல்லை என்பது போதுமா?

போளூரை அடுத்த சிற்றூரில் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், தந்தையார் மறைந்தபின் அவருடைய ஒற்றைக்குழல் துப்பாக்கிக்குத் தம் பெயரில் உரிமம் பெற்றுள்ளார். ஜவ்வாது மலையடிவாரத்து நிலம். மணிலாக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் ஓரிரவில் கிளறிவிடுகின்றன. "டீச்சர், வானத்தை நோக்கித்தான் சுடுவேன், ஓசைக்கு அஞ்சி ஓடிவிடும். கொல்லும் எண்ணமே எனக்கில்லை. விரதத்துக்கு இதில் என்ன குறை?" என்று வினவினார்.

சங்கற்பித்துச் செய்யும் கொலையைத்தானே இல்லறத்தார் முற்றும் விலக்கவேண்டும் என்று நாமும் முதலில் அவர் பக்கமே சாய்ந்தோம். ஆயின் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்குமிடத்துப் பிரமாதத்தையே முன்வைக்கிறது. அச்சொல்லில் சினம் முதலிய கஷாயங்களும் அடங்கும். வெறும் அசட்டையும் அடங்கும். அமிர்தசந்திரர் தமது புருஷார்த்த சித்யுபாயத்தில் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். விழிப்போடு ஒழுகுபவனால் ஓருயிர் மடிய நேரினும் அவனுக்கு ஹிம்சையில்லை; அசட்டையாக ஒழுகுபவனுக்கோ ஓருயிரும் மடியாவிடினும் உண்டு என்பது அவர் கருத்து. இது மிகக் கடுமை என்றே நாம் நெடுங்காலம் கருதியிருந்தோம்.

அக்கருத்தை மாற்றியது நார்த்தாமலைச் செய்தி. சமணர் குடகு என்னும் குகையால் நம்மவர் அறிந்த, புதுக்கோட்டை மாவட்டத்து ஊர் அது. 2021 டிசம்பர் 30 அன்று அங்கே பாட்டனார் வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அன்று அருகிலிருந்த சுடுதளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சை மருத்துவமனையில் அச்சிறுவன் உயிர் நீத்தான். அவனைக் கொல்ல எண்ணியவர் ஒருவருமிலர். சுட்டவர்கள் பயிற்சியுடையவர்கள், இடமும் அதற்கென்றே அமைந்தது. அங்கேயே இது நேருமாயின், நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு கொல்லை வரப்பில் நிற்பவர் நிலை என்ன? மேல்நோக்கிச் சுட்டதும் எங்கோ இறங்கியே தீரும். எங்கே என்று அவர் அறிவாரா? இலக்கை மட்டுமன்று, இலக்குக்கு அப்பால் இருப்பதையும் அறிந்த பின்னரே விசையில் விரல் வைக்கவேண்டும் என்பது துப்பாக்கிப் பயிற்சியின் முதற்பாடங்களுள் ஒன்று.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நமக்குக் கைவேலை கற்பித்த அம்மையார், கத்தரிக்கோலை நீட்டும்போது பிடி வாங்குபவர் பக்கம் இருக்கவேண்டும் என்பார். மணியடிக்குமுன் எண்ணிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். ஒன்று குறைந்தாலும் வகுப்பு கலையாது. அன்று சலித்துக்கொண்டோம். பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பு வேண்டும் என்னும் ஆதான நிட்சேபண சமிதியைத்தான் அவர் கற்பித்தார் என்பது பிற்காலத்தில் விளங்கிற்று. அவர் சமணரல்லர்.

ஆகவே மாணவருக்கு இவ்வாறு சொன்னோம். துப்பாக்கியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் தோட்டா உள்ளே இருப்பதாகவே கொள்க. 'நேற்றுத்தான் எடுத்துவிட்டேன்' என்னும் நினைவை நம்பாது, குழலைத் திறந்து கண்ணால் பார்க்க. குழல்முனை மனிதரையோ மாட்டையோ ஒருபோதும் நோக்கலாகாது. சுடும் கணம்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். வீட்டில் துப்பாக்கி ஓரிடத்திலும் தோட்டா வேறிடத்திலும் பூட்டப்பட்டிருக்கவேண்டும். அவர் வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. சுவரில் ஆணியடித்து மாட்டும் பழைய வழக்கம் இனி ஆகாது. பக்கத்துக் கொல்லைக்காரர் ஓரிரவுக்கு இரவல் கேட்டாலும் மறுத்துவிடுக. ஆயுதத்தைப் பிறர்க்கு அளிப்பதை ஹிம்சாதானம் என்று நம் நூல்கள் அநர்த்த தண்டத்துள் வைத்தன. சட்டமும் அதற்கு இடந்தராது.

சட்டத்தைப் பற்றி இன்னும் சிறிது. 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகள் உரிமம் கோருவோர்க்குப் பாதுகாப்புப் பயிற்சியை வகுத்துள்ளன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பிறர் உயிர்க்கு ஊறு நேரும் வண்ணம் அசட்டையாகச் சுடுவதற்கே இரண்டாண்டு வரை சிறையுண்டு. எவரும் காயம்பட்டிருக்க வேண்டுவதில்லை. அமிர்தசந்திரர் சொன்னதைச் சட்டம் சொல்ல இத்தனை நூற்றாண்டு ஆயிற்று! துப்பாக்கி உரிமம் இருப்பதாலேயே காட்டுப்பன்றியைச் சுடும் உரிமையும் வந்துவிடாது; அது வனத்துறையைச் சார்ந்தது.

சென்ற வாரம் அவர் வந்திருந்தார். தோட்டாக்கள் இரும்புப் பெட்டியில், சாவி தாயாரிடம். துப்பாக்கியையே காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, கொல்லையைச் சுற்றி வேலி போட்டால் என்ன என்று அத்தாயார் கேட்கிறாராம். வேலிக்கு ஆகும் செலவை அவர் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்.