யாரிடம் போய்க் கேட்பது?

பெயர் எழுதாத ஒரு கார்பன் ஃபிரேமை வாங்கலாமா என்ற கேள்வி முதலில் பணக் கேள்வியாகத்தான் வரும். பெயர் பெற்ற நிறுவனத்தின் உயர்ரக ரோட் பைக் ஃபிரேம் இருபதாயிரம் ரிங்கிட்டைத் தாண்டிப் போகிறது. சீனாவிலிருந்து நேராக வரவழைக்கிற, மேலே ஓர் எழுத்துகூட இல்லாத கறுப்பு ஃபிரேம் இரண்டாயிரம் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. பண்டார் தெங்காரா மாதிரி ஊரில், ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓட்டுகிறவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் யோசித்துக்கொண்டிருந்தபோது நண்பர்கள் சொன்னதும் இதுதான்: "பேரா மச்சான் ஓடப்போகுது? உன் காலுதானே ஓடப்போகுது. வாங்கு லா."

கேட்க நன்றாக இருக்கிறது. பாதி உண்மையும்கூட. மீதிப் பாதிதான் என்னை விடவில்லை. ஒரு பொருளின் மேல் இருக்கும் பெயருக்கு நாம் எதற்காகப் பணம் தருகிறோம்? வெறும் பந்தாவுக்கா? அந்தப் பெயரை எடுத்துவிட்டால் அதோடு சேர்ந்து வேறு என்ன காணாமல் போகிறது?

கார்பன் ஃபிரேம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் கேள்வி கொஞ்சம் தெளியும். பிசின் ஊறிய கார்பன் நார்த் தாளை வடிவம் வடிவமாக வெட்டுகிறார்கள். ஒரு ஃபிரேமுக்குச் சில நூறு துண்டுகள். எந்தத் துண்டு எந்தத் திசையில், எதன்மேல் எது என்று ஒரு வரைபடம் இருக்கும். அதைப் பார்த்து மனிதர்கள் கையால் அடுக்குகிறார்கள். பிறகு எஃகு அச்சுக்குள் வைத்து, உள்ளேயிருந்து காற்றழுத்தம் கொடுத்து, சூட்டில் இறுக்குகிறார்கள். வெளியே வந்து சாயமும் பூசியபின், அடுக்கியவரின் கவனமும் கவனக்குறைவும் ஒரே மாதிரித்தான் தெரியும். உள்ளே ஒரு மடிப்பு விழுந்திருக்கலாம். பிசின் சேராத ஒரு வெற்றிடம் இருக்கலாம். இரும்பு வளையும், வளைந்து நமக்குச் சொல்லும். கார்பன் பெரும்பாலும் சொல்லாமலே உடையும்.

பாசாரில் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து வாங்குகிறோம். இதை அப்படி வாங்க முடியாது, நம்பித்தான் வாங்கவேண்டும். நம்புவது என்றதும், யாரை என்ற கேள்வி வருகிறது.

இந்த இடத்தில் எல்லாரும் கையில் எடுக்கும் சமாதானம் ஒன்று உண்டு: "எல்லாம் ஒரே ஃபேக்டரிதான். அவன் ஸ்டிக்கர் ஒட்டுறான், இவன் ஒட்டல." இதற்குப் பின்னால் சரித்திரம் இருக்கிறது. தைவானில் 1972-இல் தொடங்கிய ஜயண்ட் நிறுவனம் முதலில் அமெரிக்க ஷ்வின் போன்ற அடுத்தவர் பெயர்களுக்குத்தான் சைக்கிள் செய்து கொடுத்தது. சொந்தப் பெயரில் விற்க ஆரம்பித்தது 1981-இல். இன்று அது உலகின் மிகப் பெரிய சைக்கிள் நிறுவனங்களில் ஒன்று. பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்த கை பெயரையே பிடித்துக்கொண்ட கதை அது. ஆனாலும் இந்தச் சமாதானம் முழுதாக நிற்காது. ஒரே அச்சு என்பதால் உள்ளே ஒரே அடுக்கு என்று ஆகிவிடாது. ஒரே ஊர், ஒரே கூரை என்றாலும் எத்தனை ஃபிரேமைச் சோதித்தார்கள், எத்தனையைக் கழித்தார்கள் என்பது வேறு வேறாக இருக்கலாம். "டோரே டி700 கார்பன்" என்று விற்பவர் பெருமையாக எழுதுவார். டோரே ஜப்பானிய நிறுவனம், நல்ல நார்தான். ஆனால் அது நாரின் பெயர், அடுக்கியவரின் பெயர் இல்லை. அரிசி நல்ல அரிசி என்பதால் சோறு குழையாது என்று எந்த அம்மாவும் சொல்லமாட்டார்.

சரி, பெயர் இருந்தால் உடையாதா? உடையும். 2023 செப்டம்பரில் ஷிமானோ தன் 11-வேக அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்குகளைச் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 680,000. ஒட்டுவிட்டுப் பிரிந்ததாக 4,500-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன, ஆறு பேருக்குக் காயம். சைக்கிள் உலகத்தில் ஷிமானோவைவிடப் பெரிய பெயர் இல்லை. உடைந்த கிராங்குகளின் படங்கள் அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே சுற்றிக்கொண்டிருந்தன. பெயர் உடைவதைத் தடுக்கவில்லை. ஆனால் உடைந்தபின் போய்க் கேட்க ஓர் இடம் இருந்தது. தாமதமாகவேனும் கூப்பிட்டார்கள், பார்த்தார்கள், கெட்டிருந்தால் மாற்றிக் கொடுத்தார்கள்.

பெயர் என்பது ஒரு விலாசம் என்று அதிலிருந்து எனக்குப் புரிகிறது. நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி விளம்பரத்துக்கும் பந்தயக் குழுக்களுக்கும் போகிறது, உண்மை. இன்னொரு பகுதி, பதில் சொல்லவேண்டிய ஒருவரை நிறுத்திவைப்பதற்கான செலவு. பெயரில்லாத ஃபிரேமின் மலிவில் இந்தச் செலவு மிச்சமாகிறது. அதாவது, பதில் சொல்லும் வேலை யாருடைய தோளிலும் இல்லாமல் கீழே கிடக்கிறது.

ஆனால் இந்த விலாசம் யாருக்குத் திறக்கிறது என்றும் கேட்கவேண்டும். ஷிமானோவின் தொழிற்சாலை ஒன்று நம் ஜொகூரிலேயே, பொந்தியான் மாவட்டத்துப் பெக்கான் நானாஸில் இருக்கிறது. 2023 டிசம்பரில் லண்டன் டெலிகிராஃப் ஒரு செய்தி வெளியிட்டது. அது இந்தத் தொழிற்சாலையைப் பற்றியது அல்ல. மலேசியாவில் ஷிமானோவுக்குப் பாகங்கள் செய்து கொடுத்த வேறொரு நிறுவனத்தைப் பற்றியது. அங்கே வேலை செய்த நேப்பாளத் தொழிலாளர்களின் கடப்பிதழ்கள் பிடுங்கி வைக்கப்பட்டன, வேலை குறைந்ததும் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் இருத்தப்பட்டனர் என்பது அவர்களின் புகார். கிராங்கு உடைந்தவனுக்கு ஒரு வாசல் இருந்தது. அந்தப் பாகத்தைச் செய்தவனுக்கு ஒரு பத்திரிகைக்காரர் வந்து எட்டிப்பார்க்க வேண்டியிருந்தது. பெயர் வாங்குபவனுக்குப் பதில் சொல்லும். செய்பவனுக்கும் அதே குரலில் சொல்லுமா?

மலேசியத் தமிழர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. ஜான் பாய்ட் டன்லப் பெல்ஃபாஸ்டில் காற்று நிரப்பிய டயரை உருவாக்கியது 1887-இல், அதுவும் ஒரு மூன்று சக்கரச் சைக்கிளுக்காக. அதைத் தொடர்ந்து வந்த சைக்கிள் மோகமும் பிறகு மோட்டார் காரும் ரப்பருக்குப் பசியைக் கிளப்பின. மலாக்காவில் டான் சாய் யான் 1896-இல் ரப்பர் தோட்டம் போட்டார். அந்தப் பசிக்காகத்தான் நம்மவர்கள் கப்பலேறினார்கள். விடியுமுன் பால் மரம் வெட்டப் போனவர்களின் பெயர் செக்ரோலில் தினமும் ஏறியது. கிராணி பெயர் கூப்பிடாமல் ஒரு நாளும் விடிந்ததில்லை. ஆனால் பால் உறைந்து, தகடாகி, புகையில் உலர்ந்து, கட்டாகிக் கப்பலேறியபோது அதில் வெட்டியவர் பெயர் இல்லை. தரம் மட்டும் இருந்தது. அந்தப் பக்கம் போய் டயராகத் திரும்பி வந்தபோது அதில் டன்லப் என்று எழுதியிருந்தது. பின்னாளில் டன்லப் நிறுவனமே மலாயாவில் தோட்டங்கள் வைத்திருந்தது. கணக்குக்காகப் பெயர் எழுதப்படுவது ஒன்று, மதிப்புக்காகப் பெயர் சொல்லப்படுவது வேறொன்று.

ஆக, பெயருள்ள ஃபிரேமை வாங்கினால் கை சுத்தம், பெயரில்லாததை வாங்கினால் பாவம் என்று கணக்குப் போட எனக்கு முடியவில்லை. இரண்டிலும் அடுக்கியவரின் பெயர் இல்லை.

ரப்பர் இன்னொன்றும் சொல்லித்தருகிறது. ஒரு காலத்தில் தகடைக் கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரித்தார்கள். 1965-இல் தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர் என்ற முறை வந்தது. எந்தத் தோட்டத்துச் சரக்கு, பார்க்க எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, ஆய்வுக்கூடத்தில் தூசு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று அளந்து தரம் சொன்னார்கள். பெயரில்லாத பொருளையும் நம்ப ஒரு வழி உண்டு என்பதற்கு இது சாட்சி. அளந்து பார்ப்பதுதான் அந்த வழி. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அரசன் ஆளைத் தேர்வதைப் பற்றியது என்றாலும், ஆராயாமல் நம்பாதே, ஆராய்ந்து நம்பியபின் சந்தேகப்படாதே என்ற அதன் வரிசை ஃபிரேமுக்கும் பொருந்தும்.

சைக்கிளுக்கு அப்படி அளக்கிற தரநிலை ஐ.எஸ்.ஓ. 4210. அதில் ஒரு சோதனை, மிதிக்கிற விசையை ஃபிரேமின் மேல் 100,000 தடவை கொடுத்துப் பார்ப்பது. பெயரில்லாத ஃபிரேம் விற்பவர்களில் சிலர் சோதனை அறிக்கை தருவார்கள், சிலர் பேச்சை மாற்றுவார்கள். நான் கேட்டது நான்கு கேள்விகள். சோதனை அறிக்கை இந்த மாடலுக்கா, வேறொன்றுக்கா? பாட்டம் பிராக்கெட் மரை உள்ளதா, அழுத்திச் செருகுவதா? பின்சக்கர கியரைத் தாங்கும் ஹேங்கர் உடைந்தால் மாற்று எங்கே கிடைக்கும்? ஃபோர்க்கின் ஸ்டீரர் குழாய்க்கு உத்தரவாதம் எத்தனை வருஷம்? நிறம் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசியவர்கள் நான்காவது கேள்வியில் அமைதியானார்கள். அந்த அமைதியும் ஒரு தகவல்தான். நான்குக்கும் நேராகப் பதில் சொன்னவரிடம் வாங்கினேன். அங்கே விலை கொஞ்சம் கூடுதல்.

வாங்கியதோடு முடியாது. பெயருள்ள பைக் கடையில் முழுதாகக் கூட்டி வருகிறது. இது பெட்டியில் எலும்பாக வருகிறது. மீதி நம் கையில். ஊர் கெஜோரா என்ற வாரியம் 1972-க்குப் பிறகு காட்டையும் செம்பனையையும் நடுவில் வைத்து எழுப்பிய ஊர். ரோட் பைக் தெரிந்த கடைக்கு நான் கூலாய்க்கோ ஜொகூர் பாருவுக்கோதான் போகவேண்டும். பாட்டம் பிராக்கெட் துளை வழியாகச் சின்னக் கேமராவை விட்டு உள்சுவரில் மடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டி, சத்தம் எங்காவது மந்தமாக மாறுகிறதா என்று கேட்டேன். இந்த இரண்டும் பெரிய குறையைக் காட்டும், சின்னதைக் காட்டாது. ஸ்டீரர் குழாயை அளந்து அறுப்பதற்கு ஒரு மாலை போனது. அதை ஒரு தடவைதான் அறுக்க முடியும். ஹாண்டல்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் போல்ட்டுக்கு 5 நியூட்டன் மீட்டர். அதைக் கைக்கணக்கில் முறுக்கக்கூடாது, டார்க் ரெஞ்ச் வேண்டும். கூடினால் கார்பன் நசுங்கும், குறைந்தால் ஹாண்டல்பார் திரும்பிவிடும்.

இந்த வேலையின் நடுவில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. கீழே கிடந்த அந்தப் பொறுப்பை நான் என்னையறியாமல் எடுத்துத் தோளில் போட்டிருந்தேன். பெயரில்லாத பொருளை மலிவாக வாங்குகிறவன் பொறுப்பையும் சேர்த்துத்தான் வாங்குகிறான். விலைச்சீட்டில் அது எழுதியிருக்காது, அவ்வளவுதான். டார்க் ரெஞ்ச் வாங்கவும் படித்துத் தெரிந்துகொள்ளவும் நேரமோ மனமோ இல்லாதவனுக்கு இந்த ஃபிரேம் மலிவே இல்லை. அவன் ஒரு பெயருள்ள அலுமினிய சைக்கிளை வாங்கி நிம்மதியாக ஓட்டலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை.

வேலை முடிந்தபோது ஒரு நண்பர் ஸ்டிக்கர் கொண்டுவந்தார். பிரபல இத்தாலியப் பெயர், அச்சு அசலாக. "ஒட்டு மச்சான், யாருக்குத் தெரியும்?" பெயரில்லாத ஃபிரேமின் ஒரே பெருமை அது பொய் சொல்லாததுதான். தான் யாரென்று அது சொல்லவில்லை. வேறொருவர் என்றும் சொல்லவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய நிமிஷம் அது பதில் சொல்ல மாட்டாத ஒருவரின் விலாசத்தைக் காட்டும். நாளை இதை இரண்டாம் கையாக வாங்குகிறவன் அந்த விலாசத்தை நம்பி, மலைச்சரிவில் வேகமாக இறங்குவான். "யாருக்குத் தெரியும்" என்பதற்கு விடை: தெரியாமல் போகிற அவனுக்குத்தான் ஆபத்து.

இங்கேதான் கேள்வி உண்மையிலேயே கனக்கிறது. என் உடம்பை வைத்து நான் துணிவது என் விஷயம் என்று ஓரளவு சொல்லலாம். இப்போது தங்கை மகன் இந்தப் பைக்கைக் கேட்கிறான். பதினேழு வயது. எங்கள் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் பக்கத்தில் உரசுகிற மாதிரிப் போகும். நான் எடுத்த துணிவை அவன் எடுக்கவில்லை. அவனுக்கு நான் கொடுக்கவேண்டியது பைக் மட்டும் இல்லை. நான் கேட்ட கேள்விகளும், கிடைத்த பதில்களும், பதில் கிடைக்காத இடங்களும். இது இன்ன இடத்திலிருந்து வந்தது, இன்னது சோதித்தேன், இன்னதைச் சோதிக்க என்னால் முடியவில்லை, விழுந்தால் கீறல் இல்லாவிட்டாலும் என்னிடம் சொல்லாமல் மறுபடி ஏறாதே.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஃபிரேமின் எண், வாங்கிய தேதி, ஒவ்வொரு போல்ட்டின் முறுக்கம், முதல் நூறு கிலோமீட்டருக்குப் பின் மறுபடி பார்த்த தேதி, எல்லாம் அதில் இருக்கிறது. முதல் பக்கத்தில் "கூட்டியவர்" என்று எழுதி என் பெயரையும் போன் எண்ணையும் எழுதியிருக்கிறேன். சீனத்தில் எங்கோ ஒரு மேசையில் சில நூறு துண்டுகளை அடுக்கியவர் பெயருக்கு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அதை நிரப்ப எனக்கு வழி இல்லை. பையன் அந்த வரியைப் பார்த்து, "இங்க யாரு மாமா?" என்று கேட்டான். இந்தக் கட்டுரை அவனுக்கு நான் சொல்ல முயன்ற பதில்.