குற்றவாளியின் பெயரும் கூலியாளின் பெயரும்

களவுக் குற்றத்திற்காக அயர்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட ஒரு பெண்ணின் வாழ்க்கையை இன்று தேடிக் காண்பது அரிதன்று. அவளுடைய வயது, பிறந்த இடம், செய்த தொழில், உயரம் ஆகியவற்றைப் பெரும்பாலும் கைதிகளின் பதிவேடு சொல்லும். 1788 முதல் 1868 வரை அங்கு அனுப்பப்பட்ட கைதிகள் ஏறத்தாழ 162,000 பேர். அவருள் பெண்கள் 25,000 அளவினர். குற்றம் செய்தவளை அரசு மறக்கவில்லை. ஆயின், குற்றமே செய்யாது கடல் கடந்தவளை எந்த ஏட்டில் தேடுவது? இவ்வினா பேராக் தமிழருக்கு மிக நெருக்கமானது.

நாடுகடத்தல் இந்தியர் அறியாத தண்டனையன்று. இந்தியக் கைதிகள் பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் சாலைகள் அமைத்தனர். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1856-க்கும் 1861-க்கும் இடையில் அவர்கள் உழைப்பால் எழுந்தது. ஆயுள் கைதியின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் கொடுமை 1849 வரை சட்டத்தில் இருந்தது.

1874-ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின்னர்ப் பேராக்கின் தோட்டங்களுக்கு வந்த தமிழ்ப் பெண்ணோ எவருக்கும் தீங்கிழைத்தவள் அல்லள். வறுமையே அவளை அனுப்பியது. செக்ரோலில் அவள் பெயர் இருந்தது. அதன் எதிரே வேலைநாளும் கூலியும் இருந்தன. அவள் லயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்து அழுதது அதில் இல்லை. பத்துகாஜாவுக்கு அருகில் கெல்லி ஸ்மித் எழுப்பிய மாளிகையை அனைவரும் அறிவர். அதன் கட்டுமானத்தில் உழைத்த தென்னிந்தியர் பலர் விஷக்காய்ச்சலில் மாண்டனர். அவர்கள் வழிபாட்டிற்கென எழுந்த மாரியம்மன் கோயில் இன்றும் அருகில் நிற்கிறது. மாளிகை ஒருவர் பெயரைச் சொல்கிறது. மாண்டவர் பெயரைச் சொல்வார் இலர்.

பழையதைக் கிளறுவதால் பயன் என்ன என்று கேட்போர் உண்டு. ஆஸ்திரேலியரும் கைதி மரபை நெடுங்காலம் மறைத்தனர். பின்னரே பெருமையோடு தேடினர். இடையில் மாறியது முன்னோரின் குற்றமன்று, பின்னோரின் மனமே. எனினும் பதிவேடு முழு உண்மையாகிவிடாது. அது களவைச் சொல்லும். களவுக்குப் பின்னிருந்த பசியைச் சொல்லாது. ஆகவே, ஏடு உள்ளவரின் வழித்தோன்றலுக்கும் ஏடு இல்லாதவரின் வழித்தோன்றலுக்கும் கடன் ஒன்றே: அதிகாரம் எழுதாது விட்டதைக் கேட்டறிதல்.

ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் பல இடிந்தன. அங்கு பால்மரம் வெட்டிய பாட்டிமார் சிலர் இன்று ஈப்போவின் தாமான்களில் பேரப்பிள்ளைகளோடு வாழ்கின்றனர். தம் தாய் எந்த ஊரிலிருந்து வந்தாள் என்பதை அவர்கள் சொல்லக்கூடும், கேட்பார்தாம் வேண்டும். மறப்பது அரசின் இயல்பு எனலாம். பேரன் கேட்க மறந்தால், அதனை என்னவென்று சொல்வது?