எங்கே துஞ்சினார்?

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு நாள் ஆதித்த கரிகாலன் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுந்தர சோழனின் மூத்த மகன். இளமையிலேயே வீரபாண்டியனை வென்றவன். தந்தையின் அரியணை தனக்கு வருமுன், ஏறத்தாழ 969ஆம் ஆண்டில், சூழ்ச்சியால் கொலையுண்டவன். யார் கொன்றார், ஏன் கொன்றார் என்று மாணவர்கள் கேட்பார்கள் என எதிர்பார்த்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "அவரை எங்கே ஐயா அடக்கம் செய்தார்கள்?" என்றாள்.

சிறு பிள்ளையின் வினாதான். எனினும் அதனுள்ளே ஓர் அறக்கேள்வி அடங்கியிருப்பதை அன்றிரவு உணர்ந்தேன். வாழ வேண்டிய வயதில் மாண்டவர்க்கு, எஞ்சி வாழ்வோர் செலுத்த வேண்டிய கடன் யாது? இறந்தவர் கேட்கவோ பெறவோ இயலாத நிலையில், அதைக் கடன் என்று சொல்லுதல் பொருந்துமா?

சோழர் கல்வெட்டுகள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால் இக்கேள்விக்கு இரு வேறு விடைகள் கிடைக்கின்றன. முதலாவது, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ளது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியதாக அதைப் பொதுவாகக் கொள்வர். கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது குறிக்கிறது. கொன்றவர்களோடு அவர்தம் உறவினரின் நிலங்களும் அரசாணையால் பறிக்கப்பட்டு விற்கப்பட்ட செய்தியை அது சொல்கிறது. அண்ணனுக்குத் தம்பி செலுத்திய கடன் இது. ஆனால், குற்றம் செய்யாத உறவினரும் அக்கடனுக்காகத் தம் நிலத்தை இழந்தனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இரண்டாவது, பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்த மேற்பாடியில் உள்ளது. இராசராசனின் பாட்டனாகிய அரிஞ்சயன் ஏறத்தாழ ஓராண்டளவே அரசாண்டு ஆற்றூரில் மறைந்தான். பேரன் அரியணை ஏறியதோ 985இல். கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்னரும் பாட்டனை நினைந்து பேரன் அங்கே ஒரு பள்ளிப்படைக் கோயில் எடுப்பித்தான். ஆற்றூர்த் துஞ்சிய தேவர் என்று பாட்டனைக் கல்வெட்டில் பெயரிட்டான். ஓராண்டு ஆட்சியில் வரலாறு பேசத்தக்க செயல்கள் பல இருந்திருக்க இயலாது. ஆயினும் அவன் எங்கே கண் மூடினான் என்பதைக் கல் ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒரே மன்னன் இரு வகையாகக் கடன் தீர்த்திருக்கிறான். ஒன்று தண்டனை, மற்றொன்று நினைவு. அரசுக்குத் தண்டனை தேவையே. எனினும், அதற்கு இலக்காவோர் மறைந்தவுடன் அதன் வேலை முடிந்துவிடுகிறது. நினைவோ யாருடைய நிலத்தையும் பறிக்காமல், கேட்போர் உள்ளளவும் நிற்கிறது. இறந்தவர்க்கு ஆற்றும் கடனில் மேலானது எது என்பதை மாணவர்களே இவ்விரு கற்களைக் கொண்டு உய்த்துணரலாம்.

'துஞ்சிய' என்னும் அச்சொல்லையும் சற்றே எண்ணிப் பார்ப்போம். துஞ்சுதல் என்றால் உறங்குதல். இறப்பை உறக்கமென்று சொன்ன கனிவு ஒருபுறமிருக்க, இறந்த இடத்தையே பெயரின் முன்னொட்டாக்கிய மரபு நம்முடையது. புறநானூற்றுப் புலவர் பாடிய மன்னர்களில் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் ஒருவன். கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி ஒருவன். சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் ஒருவன். தக்கோலப் போரில் 949இல் மாண்ட இளவரசன் இராசாதித்தன், யானைமேல் துஞ்சிய தேவர் ஆனான். ஒரே பெயர் கொண்ட மன்னர் பலராதலின், வேறுபடுத்திக் காட்ட இம்முறை பயன்பட்டிருக்கலாம். ஆனால், எவ்வளவோ சிறப்புப் பெயர்கள் இருக்க, இறுதி மூச்சு பிரிந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் அல்லவா? அவர் முடிவை நாம் அறிவோம். அவர் எங்கோ தொலைந்துபோகவில்லை என்னும் ஆறுதல் அதில் இருக்கிறது.

கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் குயவனை நோக்கிப் பாடியது புறநானூற்றின் 228ஆம் பாட்டு. இத்துணைப் பெரிய மன்னனுக்கு எவ்வளவு பெரிய தாழியை வனையப் போகிறாய் என்று புலவர் குயவனுக்காக இரங்குகிறார். ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழிகளைப் பார்த்தவர்க்கு அப்பாட்டின் பொருள் நன்கு விளங்கும். மண்ணால் ஆன தாழி உடலைக் கொள்ளும். ஒருவனுடைய பெயரை எந்தத் தாழியும் கொள்ளாது. பெயரைச் சுமக்க வேண்டியவர் உயிரோடிருப்பவரே.

சீன நாட்டிலிருந்தும் இதற்கு ஒரு சான்று உண்டு. ஹான் மரபைச் சேர்ந்த லியூ ஹெ என்னும் இளைஞன் கி.மு. 74இல் பேரரசனாக அமர்த்தப்பட்டு, 27 நாள்களில் அரியணையிலிருந்து இறக்கப்பட்டான். பின்னர் ஹைஹுன் என்னும் சிற்றூர்ப் பகுதிக்குப் பிரபுவாக அனுப்பப்பட்டு, கி.மு. 59இல் முப்பது வயதைக் கடந்த நிலையில் இறந்தான். நான்சாங் நகருக்கு அருகே 2011இல் கண்டறியப்பட்ட கல்லறையில் பொற்கட்டிகளும், பத்து டன் அளவுக்குச் செப்புக் காசுகளும் கிடைத்தன. அத்துணைச் செல்வமும் அங்கே உறங்குபவன் ஒரு பெருஞ்செல்வன் என்று மட்டுமே சொன்னது. அவன் இன்னான் என்பதை உறுதி செய்தது, அவன் பெயர் பொறித்த சின்னஞ்சிறு முத்திரையே. பெயர் இல்லாத கல்லறையில் பொன் எவ்வளவு இருந்தால்தான் என்ன?

மன்னர்களுக்கு இவ்வளவு செய்திருக்கிறது உலகம். நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து போன இளைஞர்களுக்கு யாது செய்தோம்?

சப்பானியர் ஆட்சியில் இரப்பர் ஏற்றுமதி நின்றது, பால்வெட்டு நின்றது, லயங்களில் பசி புகுந்தது. நல்ல கூலியும் அரிசியும் தருவதாகச் சொல்லியும், பின்னர் வலுக்கட்டாயமாகப் பிடித்தும் தொழிலாளரைச் சயாமுக்கு இரயில் ஏற்றினார்கள். 1942 முதல் 1943 அக்டோபர் வரை 415 கிலோமீட்டர் பாதை காட்டை வெட்டி அமைக்கப்பட்டது. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். வாந்திபேதியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களைக் கூட்டங் கூட்டமாகக் கொன்றன. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கற்கள் நிற்கின்றன. நம்மவர்க்கு அத்தகைய வரிசை இல்லை.

என் பாட்டனாரின் தம்பி அவ்வாறு போனவர், வயது பத்தொன்பது. அவருடைய தாயார், அதாவது என் கொள்ளுப்பாட்டி, மகன் இறந்த நாளை அறியாமலேயே வாழ்ந்து முடித்தார். திதி தெரியாததால் ஒவ்வொரு மாளய அமாவாசையிலும் ஓர் இலை கூடுதலாக விரிப்பார் என்று பாட்டி சொல்வார். படையலுக்குக் குறைவில்லை. 'எந்த ஊர் மண்ணோ' என்னும் ஒரு சொல்தான் ஆண்டுதோறும் அந்த வீட்டில் கேட்கும். மகனை இழந்த துயரினும் இடம் அறியாத துயரம் நீண்டது என்பதை நான் நூல்களில் கற்கவில்லை.

இறந்தவர்க்குக் கல் நாட்டுவதைவிட இருக்கும் பிள்ளைகளுக்குக் கல்வி தருதல் நன்றன்றோ எனச் சிலர் வினவுவர். நேர்மையான வினா அது. பொருள் ஒன்றே இருந்து, இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம் என்றால் நானும் பள்ளிக்கூடத்தையே தேர்வேன். ஆனால், பெயரை நினைவில் வைக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அன்றியும், தன் பாட்டன்மார் கணக்கில் வராத கூட்டம் என்று கற்கும் பிள்ளை, தன்னையும் கணக்கில் வராதவனாகவே எண்ணிக்கொள்ளும். இறந்தவர்க்கு நாம் ஆற்றும் கடனின் பயன் அவரைச் சேருமோ சேராதோ, பிறந்தவரைச் சேர்ந்தே தீரும்.

காஞ்சனபுரியில் ஒரு பௌத்த ஆலய வளாகத்தில் 2023ஆம் ஆண்டு சயாமில் மாண்ட தமிழர்க்கு நடுகல் ஒன்று எழுப்பப்பட்டது. எண்பது ஆண்டுகள் தாழ்ந்து வந்த கல். ஆயினும் மேற்பாடியும் தாழ்ந்து எழுந்ததே. கடனுக்குக் காலம் கடந்துவிட்டது என்று சொல்லித் தப்ப நமக்கு உரிமை இல்லை.

நானும் பள்ளியில் ஒரு சிறு குறிப்பேடு தொடங்கினேன். பெயர், தோட்டம், துஞ்சிய இடம் என மூன்று கட்டங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வருமாறு மாணவர்களிடம் சொன்னேன். முதலில் எழுதி வந்தவள், அன்று வினாத் தொடுத்த அதே மாணவி. தன் பாட்டியின் தந்தை பெயரை எழுதியிருந்தாள், தோட்டத்தை எழுதியிருந்தாள், மூன்றாம் கட்டம் வெறுமையாக இருந்தது. "இங்கே என்ன எழுதுவது ஐயா?" என்றாள்.

"சயாமில் துஞ்சியவர் என்று எழுதம்மா" என்றேன். திருத்தமான கையெழுத்தில் எழுதினாள்.