நாலு இந்தியன், ஒரு ஃபாரினர்

வருகிற ஜனவரியில் எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். 'எங்கேயாவது போகலாம்' என்று நான் பொதுவாகச் சொல்லி வைக்க, கல்லூரியில் படிக்கும் மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரே வாரத்தில் எக்ஸெல் ஷீட் தயார். பாரிஸ். மூன்று ராத்திரி, நாலு பகல்.

ஏன் ஜனவரி? விமான டிக்கெட் விலை குறைவு. ஹோட்டல் வாடகை குறைவு. கியூ குறைவு. "எல்லாமே குறைவுன்னா சூரியனுமா?" என்றாள் என் மனைவி. ஆமாம், சூரியனும்தான். அந்த மாதம் பாரிஸில் காலை எட்டரைக்கு மேல்தான் விடியும். சாயங்காலம் ஐந்தரைக்குள் இருட்டிவிடும். கொடுக்கிற காசுக்கு வெளிச்சம் கொஞ்சம் கம்மி.

விசாவுக்குத் தலைக்கு 90 யூரோ. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாமல் மருத்துவ இன்ஷூரன்ஸ். பேங்க் ஸ்டேட்மென்ட். கூடவே, நாங்கள் அங்கேயே தங்கிவிடாமல் திரும்பி வருவோம் என்பதற்கு ஆதாரம். செங்கல்பட்டில் எனக்கு இன்னும் ஒன்பது வருஷ வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. இதைவிட என்ன சார் ஆதாரம் வேண்டும்?

இதெல்லாம் எனக்கு உறுத்தவில்லை. உறுத்தியது ஷீட்டில் பதினேழாவது வரி. லூவர் மியூசியம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. டிக்கெட் விலை என்ற கட்டத்தில் இரண்டு எண்கள் இருந்தன: 22 யூரோ, 32 யூரோ.

"முதல்ல இருக்கிறது ஐரோப்பாக்காரங்களுக்குப்பா. ரெண்டாவது நமக்கு."

2026 ஜனவரி 14 முதல் இந்த ஏற்பாடு. ஐரோப்பியப் பொருளாதார வட்டத்து நாடுகளின் குடிமக்களும் அங்கே வசிப்பவர்களும் 22 கொடுத்தால் போதும். மற்றவர்களுக்கு 32. மோனாலிசா எல்லோரையும் ஒரே மாதிரிதான் பார்த்துச் சிரிக்கிறாள். ஆனால் எனக்கு மட்டும் பத்து யூரோ கூடுதல். அதாவது ஆயிரம் ரூபாய்க்கு மேல். இரண்டு பேருக்கு இரண்டாயிரம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இவ்வளவு நாள் நம்மகிட்ட இருந்து அள்ளிட்டுப் போனது போதாதா?" என்று ஆரம்பித்தேன். அமெரிக்கனும் ஜப்பான்காரனும், ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியே போன பிரிட்டிஷ்காரனும்கூட அதே 32தான் கொடுக்க வேண்டும் என்று மகள் சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோபம் வந்தால் புள்ளிவிவரம் கேட்காது.

அன்று ராத்திரி பாரிஸுக்கு போன் போட்டேன்.

அங்கே எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். ரத்த சொந்தம் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர். 1990-ல் அவர் அம்மாவுடன் எங்கள் தெருவில் ஒரு போர்ஷனில் குடியிருந்தார். எனக்கு ஒன்பது வயது, அவருக்கு இருபத்திரண்டு. எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் என்னை மாமல்லபுரம் கூட்டிப் போவார். வெண்ணெய் உருண்டைப் பாறையின் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடுவோம். 1991 மே மாதத்துக்குப் பிறகு ஊர் அவரைப் பார்த்த பார்வை மாறியது. போலீஸ் ஸ்டேஷனில் பெயர் பதிந்துவிட்டு வந்தார். அப்புறம் ஒரு நாள் பிரான்ஸுக்குப் போய்விட்டார். இன்று அவர் பிரெஞ்சுக் குடிமகன்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். "இதுக்கோ யோசிக்கிறாய் தம்பி? நான் இஞ்ச இருந்து ரெண்டு டிக்கெட் எடுத்து வைக்கிறன், இருபத்திரண்டு யூரோவில. ஆர் கேக்கப் போகினம்?"

நான் சந்தோஷமாகப் போனை வைத்தேன். பக்கத்தில் இருந்த மகள் மெதுவாகக் கேட்டாள்: "ஏம்ப்பா, நம்ம கடற்கரைக் கோயில்ல டிக்கெட் எவ்வளவு?"

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு நன்றாகவே தெரியும். தெரியும் என்பதுதான் பிரச்னை.

போன வருஷம் பொங்கல் சமயத்தில் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர், அண்ணி, மகன், மருமகள். மருமகள் பிரெஞ்சுப் பெண், வெள்ளைக்காரி. மாமல்லபுரம் களைகட்டியிருந்தது. மார்கழி, தை மாதங்களில் ஒத்தவாடைத் தெருவில் நடந்தால் தமிழைவிடப் பிரெஞ்சும் ஜெர்மனும்தான் அதிகம் காதில் விழும். நாம் பாரிஸுக்கு நாலு நாள் திட்டம் போடுகிறோம், அவர்கள் குளிருக்குத் தப்பித்து நம்மிடம் வருகிறார்கள். 2021-22-ல் தாஜ்மகாலைவிட அதிக வெளிநாட்டினர் பார்த்த இடம் மாமல்லபுரம்தான்.

டிக்கெட் கவுன்ட்டரில் போர்டு இருந்தது. இந்தியர் 40 ரூபாய். வெளிநாட்டினர் 600 ரூபாய். நான் முன்னால் போய் நின்றேன். யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது:

"நாலு இந்தியன், ஒரு ஃபாரினர்."

அண்ணன், அண்ணி, பையன், நான்: நாலு இந்தியன். அந்தப் பெண் மட்டும் ஃபாரினர். ஐந்து டிக்கெட்டையும் கையில் வாங்கிக்கொண்டு வெற்றிவீரனைப்போலத் திரும்பினேன். 1,680 ரூபாய் மிச்சம்.

அந்தப் பெண் டிக்கெட்டுகளைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் கேட்டாள்: "அங்கிள், எங்கள் நாலு பேரிடமும் ஒரே பாஸ்போர்ட்தானே இருக்கிறது? என் டிக்கெட் மட்டும் ஏன் வேறு நிறம்?"

கோபமாகக் கேட்கவில்லை. சும்மா, தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு, "அலை பாருங்கள், எவ்வளவு அழகு" என்றேன்.

இப்போது யோசித்தால் புரிகிறது. அரசாங்கம் போட்ட கோடு பாஸ்போர்ட்டைப் பார்த்துப் போட்டது. நான் போட்ட கோடு முகத்தைப் பார்த்துப் போட்டது.

சரி, இந்த இரட்டை விலையே நியாயமா?

நான் பி.காம். இரண்டாம் வருஷத்தில் 'விலைப் பாகுபாடு' என்று ஒரு பாடம் உண்டு. ஒரே பொருளை வேறு வேறு ஆளுக்கு வேறு வேறு விலைக்கு விற்பது. அதில் எல்லாமே அநியாயம் இல்லை. 600 ரூபாய் என்பது இன்றைக்கு ஆறு யூரோகூட இல்லை. பாரிஸிலிருந்து வருகிறவருக்கு அது பெரிய தொகை கிடையாது. ஆனால் எல்லோருக்கும் 600 என்று வைத்தால், கல்பாக்கம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு கொத்தனார் குடும்பம் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயிலை வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் 40 என்றால் பராமரிப்புக்குப் பணம் குறையும். இருப்பவர் கூடக் கொடுக்கட்டும் என்பது நல்ல வாதம்தான்.

ஆனால் அந்த வாதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஆடுகிறது. ஈ.சி.ஆர். சாலையில் பெரிய காரில் வந்து இறங்குகிற தொழிலதிபருக்கு 40. முதுகில் மூட்டையோடு, மூன்று வேளையும் வாழைப்பழம் தின்று ஊர் சுற்றும் போர்ச்சுகல் மாணவனுக்கு 600. பாஸ்போர்ட்டை வைத்துப் பர்ஸை அளக்க முடியுமா? லூவரில் இந்த வாதம் தலைகீழாகவே நிற்கிறது. பாரிஸ் பேங்க் மேனேஜருக்கு 22, செங்கல்பட்டு குமாஸ்தாவுக்கு 32.

அவர்கள் சொல்லும் காரணம் வேறு. மியூசியம் பழசாகிவிட்டது, பெரிய அளவில் புதுப்பிக்க வேண்டும், எங்கள் ஜனங்கள் ஏற்கெனவே வரி கட்டுகிறார்கள், வெளியிலிருந்து வருகிறவர்கள் டிக்கெட்டில் கொஞ்சம் கூடக் கொடுக்கட்டும். இதிலும் நியாயம் இருக்கிறது. அபார்ட்மென்டில் மாதா மாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறவருக்கு ஹால் வாடகையில் தள்ளுபடி கொடுப்பதில்லையா? அதுமாதிரி.

அவர்கள் அங்கே வசிப்பவரையும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். நாம் யார் யாரைச் சேர்க்கிறோம்? சார்க், பிம்ஸ்டெக் நாட்டுக்காரர்களுக்கு இந்திய விலை. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் அமெரிக்கக் குடிமகனுக்கும் இந்திய விலை. அதாவது, அண்ணன் இலங்கை பாஸ்போர்ட்டோடு வந்திருந்தால் 40 ரூபாய். அதை விட்டுவிட்டு பிரெஞ்சு பாஸ்போர்ட் வாங்கியதால் 600. கல்லும் மாறவில்லை, கடலும் மாறவில்லை, அவரும் மாறவில்லை. புத்தகத்தின் அட்டைதான் மாறியது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 22-க்கு 32 என்பது ஒன்றரை மடங்குகூட இல்லை. 40-க்கு 600 என்பது பதினைந்து மடங்கு. முன்பு 10 ரூபாய், 250 ரூபாய் என்று இருந்த காலத்தில் இருபத்தைந்து மடங்கு. நான் பாரிஸ்காரனைத் திட்டிக்கொண்டிருந்த அந்தக் காரியத்தை, அவனுக்கு ரொம்ப வருஷம் முன்னாலேயே, அவனைவிடப் பெரிசாக நாம் செய்துகொண்டிருக்கிறோம். முப்பது கிலோமீட்டர் தள்ளி. ஒரு தடவைகூட அது எனக்கு உறுத்தியதில்லை.

ஏன் உறுத்தவில்லை? நான் கவுன்ட்டரின் சரியான பக்கத்தில் நின்றேன். அவ்வளவுதான்.

விருந்தோம்பலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே கொடுத்தார் என்று பெருமைப்படுகிறோம். உலகமே நம் ஊர் என்று பாடிய கணியன் பூங்குன்றனாரை மேடைக்கு மேடை இழுக்கிறோம். 1984-ல் யுனெஸ்கோ மாமல்லபுரத்தை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்ததைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். பலகையில் 'உலகத்தின் சொத்து'. பக்கத்திலேயே கவுன்ட்டரில் 'எங்கள் சொத்து'. இதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. மனுஷ சுபாவம். நம்மவர், வெளியார் என்று பிரிக்காமல் எந்த வீடும் இல்லை, எந்த ஊரும் இல்லை.

அதனால் இரட்டை விலையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தோன்றுகிற சோதனை ஒன்றுதான். கண்ணாடிக்கு உள்ளே டிக்கெட் கிழிக்கும்போது எது நியாயமோ, வெளியே பர்ஸைத் திறக்கும்போதும் அது நியாயமாகப் பட வேண்டும். மாமல்லபுரத்தில் 600 சரி என்றால் லூவரில் 32-ம் சரி. லூவரில் 32 அநியாயம் என்றால் முதல் மனுவை நான் நம் ஊரில்தான் கொடுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் நான் மட்டும் மலிவாக உள்ளே போக வேண்டும் என்றால் அதற்குப் பெயர் நியாயம் இல்லை. சாமர்த்தியம்.

மறுநாள் அண்ணனுக்கு மறுபடி போன் செய்தேன். "டிக்கெட் எடுக்க வேண்டாம்ணே. நாங்களே முப்பத்திரண்டு கொடுத்து எடுத்துக்கிறோம்."

"உனக்கு விசரடா தம்பி" என்றார்.

காரணத்தைச் சொன்னேன். அன்றைக்குக் கடற்கரைக் கோயில் வாசலில் மருமகள் கேட்ட கேள்வியைச் சொன்னேன். மூன்று பேருக்கும் பொய் சொல்லி டிக்கெட் வாங்கியது தப்பு என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பிறகு அண்ணன் சொன்னார்: "அந்தப் பிள்ளை கேட்டது எனக்கும் குத்தினதுதான். ஆனா ஒண்டு சொல்லட்டே? உங்கட தெருவில நான் ரெண்டு வருசம் இருந்தனான். ஒரு நாளும் ஒருத்தரும் என்னை அந்த ஊர் ஆள் எண்டு சொன்னதில்லை. நீ அண்டைக்கு நாலு இந்தியன் எண்டு சொன்னாய் பார். எனக்கு அது சரியான சந்தோசமா இருந்தது."

எனக்குப் பேச்சு வரவில்லை.

நான் 1,680 ரூபாய் மிச்சம் பிடித்ததாக நினைத்த இடத்தில், அவருக்கு வேறு ஏதோ கிடைத்திருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் கழித்து, ஒரு டிக்கெட் கவுன்ட்டரில், ஒரு பொய்யின் மூலமாக. அதே வார்த்தை, அதே நொடியில், அவர் வீட்டுக்கு வாழ வந்த பெண்ணை மட்டும் தனியாக நிறுத்தியும் விட்டது. உள்ளே இழுத்த அதே கைதான் அவளை வெளியே தள்ளியது.

அடுத்த முறை அவர்கள் வரும்போது நாலு பேருக்கும் 600 ரூபாய் டிக்கெட்தான் எடுக்கப்போகிறேன். அதற்கப்புறம் செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் சாப்பாடு. எல்லோருக்கும் ஒரே வாழை இலை, அந்தப் பெண்ணுக்கு அண்ணனுக்குப் பக்கத்தில். 'நம்மவர்' என்று சொல்ல எனக்கு ஓர் இடம் வேண்டுமென்றால், அதை என் செலவில், என் வீட்டில் சொல்வதுதான் முறை. அரசாங்கத்தின் கணக்கில் சொல்வது சுலபம்.

மகள் எக்ஸெல் ஷீட்டைத் திருத்திவிட்டாள். பதினேழாவது வரி: 32 பெருக்கல் 2, 64 யூரோ. அதற்குக் கீழே அவளாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: 'மாமல்லபுரம் பழைய பாக்கி, 1,680 ரூபாய்.'

அதை யாருக்கு, எப்படிக் கட்டுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. பி.காம். படித்த மூன்று வருஷமும் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். அண்ணனின் அந்தச் சந்தோஷத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.